பல்செட் டப்பாவில் அரைநிலா

அந்த என்ஜின் கட்சி மாறியது ஒரு மழைநாளில்.

அதுவரை அது அவனுடையது. அவனைவிட வயதில் மூத்த, ஒற்றை சிலிண்டர் கொண்ட, இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார்சைக்கிள் என்ஜின். யார் வீட்டுக் கொட்டகையிலோ கோழிகள் அடைந்துகொண்டிருந்த வண்டியைக் கல்யாணத்துக்கு முன்பே கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்திருந்தான். வண்டியின் சட்டம் பின்சுவரில் சாக்குப்பை போர்த்திக்கொண்டு நின்றது. என்ஜின் மட்டும் கழன்று, சலவை இயந்திரம் இருக்கும் பின்னறையின் மேசைமேல், போரில் தோற்ற ஒரு தூர தேசத்து ராஜாவின் தலையைப்போல உட்கார்ந்திருந்தது. உள்ளே தண்ணீர் புகுந்து பிஸ்டன் இறுகிப் போயிருந்தது. அதற்கு உயிர் கொடுத்து, அதில் ஏறிக் கடல் கண்ணில் படும்வரை போக வேண்டும் என்பது அவன் கனவு. கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்பதைப் பற்றி அவன் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை.

அவன் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளன். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், எது இன்று வரவே வராது என்று ஊருக்கெல்லாம் சொல்பவன். நல்ல குரல். கடையில் சோப்பு கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள் என்று மைத்துனன் கேலி செய்வான். தெரிந்தவர்கள் அவனை 'மைக் சார்' என்றார்கள். ஆனால் வீட்டுக்குப் பெயர் 'பல்லக்கா வீடு'. அவன் மனைவி பல் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தாள். டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகளைப் பார்த்து, மெழுகில் செதுக்கி, யாரோ முகம் தெரியாதவர்களுக்குச் சிரிப்பு செய்து கொடுப்பவள். அந்தத் தெருவில் பாதிப் பேர் அவள் செய்த பல்லால்தான் மென்றுகொண்டிருந்தார்கள். வீட்டுப் பெயர் விஷயத்தில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. கொஞ்சம்தான். என்ஜின் தன்னிடம் இருக்கிறதே என்று ஆறுதல் பட்டுக்கொள்வான்.

அந்த மழைநாளில் அவன் வழக்கம்போல மரக்கட்டையை பிஸ்டன்மேல் வைத்துச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தான். பல வாரங்களாக டீசல் ஊற்றி ஊறப்போட்டும் அது ஒரு நூலளவும் நகரவில்லை. காயப்போட்ட துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடிவந்த மனைவி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"ஏங்க, அது என்ன பாவம் பண்ணிச்சு? இந்த அடி அடிக்கிறீங்க."

"உனக்குப் புரியாதும்மா. ஜாம் ஆயிருக்கு."

"நான் ஒரு வாட்டி பாக்கட்டுமா?"

"பாரேன்" என்று ஒதுங்கி நின்றான். அதுதான் அவன் செய்த முதல் தப்பு என்று பிற்பாடு பலமுறை நினைத்துக்கொண்டான்.

அவள் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வைத்தாள். துண்டை அதில் முக்கிச் சிலிண்டரைச் சுற்றிக் கட்டினாள். ஆறினால் மறுபடி முக்கினாள். பிஸ்டனின் தலையில் மட்டும் ஒரு கிண்ணம் ஐஸ்கட்டியைக் கொட்டினாள். வெளியே விரிய வேண்டும், உள்ளே சுருங்க வேண்டும், அவ்வளவுதானே என்றாள். பிறகு மரக்கட்டையை வைத்து, கதவைத் தட்டுவதுபோல ஒரு தட்டு. 'ப்ளக்' என்று ஒரு சத்தம். பிஸ்டன் கீழே இறங்கியது.

"பாத்தீங்களா? தலையில ஐஸ் வெச்சா யாரா இருந்தாலும் இறங்கி வந்துடுவாங்க" என்று சொல்லிவிட்டு, துணி மடிக்கப் போய்விட்டாள்.

அவன் சிரித்தான். சிரித்தே ஆக வேண்டியிருந்தது. ஆனால் நெஞ்சுக்குள் எங்கோ ஒரு சின்னத் திருகாணி இறுகியது. இத்தனை நாள் தன்னிடம் வாயே திறக்காத ஒன்று, அவள் கேட்டதும் பதில் சொல்லிவிட்டதே.

அதற்குப் பிறகு அவள் என்ஜினை விட்டுப் போகவில்லை. அதுதான் கொடுமை. அதுவரை "உங்க இரும்பு" என்று சொல்லிவந்தவள் "நம்ம என்ஜின்" என்றாள். வேலையிலிருந்து வந்ததும் கைகால் கழுவிக்கொண்டு நேரே பின்னறைக்குப் போனாள். கார்புரேட்டரின் நுண்ணிய துளைகளை, பல்லிடுக்கு சுரண்டும் கம்பியால் குத்திச் சுத்தம் செய்தாள். கைப்பிடி வைத்த குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டு, சிலிண்டரின் துளைகளில் படிந்திருந்த கரியைப் பார்த்து, "ஐயையோ, இது ஜென்மத்துல பல் விளக்கினதே இல்ல" என்றாள். பல் சரியாகக் கடிக்கிறதா என்று பார்க்க ஒரு நீலத்தாள் உண்டு. அதை சிலிண்டருக்கும் அதன் மூடிக்கும் நடுவில் வைத்து அழுத்தி, எங்கே மை ஒட்டவில்லையோ அங்கே மேடுபள்ளம் என்று கண்டுபிடித்தாள். கழற்றிய சின்னச் சாமான்களையெல்லாம் வேலைக் கூடத்திலிருந்து கொண்டுவந்த ரோஸ் நிற பல்செட் டப்பாக்களில் போட்டு அலமாரியில் வரிசையாக அடுக்கினாள். கியர் சக்கரங்களைத் துடைக்கும்போது, "பல் இருக்கிறதெல்லாம் என் டிபார்ட்மென்ட்" என்று அவனைத் தள்ளி நிற்கச் சொன்னாள்.

அடக்கமாகவாவது இருந்தாளா என்றால் அதுவும் இல்லை. ஒன்று சரியாகிவிட்டால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "எப்படி?" என்பாள். "சூப்பர்" என்று அவன் சொல்லும்வரை விடமாட்டாள்.

சிலிண்டரைக் கடைந்து கொடுத்தது கடைத்தெரு முனையில் பட்டறை வைத்திருக்கும் லேத்காரர். அவர் பல வருடங்களாக அவனுடைய சிநேகிதர். ஒருநாள் அவன் புது பிஸ்டனை எடுத்துக்கொண்டு போய், "இன்னும் கொஞ்சம் இடைவெளி விடலாமா?" என்று கேட்டான். லேத்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்:

"அக்கா என்ன சொன்னாங்க?"

அவனுக்கு வயிறு பற்றி எரிந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியம் காதில் ஓடிக்கொண்டே வந்தது. 'அக்கா என்ன சொன்னாங்க.' மற்ற கணவன்மார்களுக்கு வருகிற பொறாமை என்றால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. யாரிடமாவது சொல்லி அழலாம். நாலு பேர் ஆறுதல் சொல்வார்கள். இதை யாரிடம் சொல்வது? 'என் பெண்டாட்டிக்கு என்னைவிட நன்றாக என்ஜின் வருகிறது' என்றா? வேலை செய்யும் இடத்தில் அவன் எல்லோரிடமும் "நான்" என்றுதான் சொல்லி வைத்திருந்தான். நான் பிஸ்டனை எடுத்தேன், நான் மூடியைச் சமப்படுத்தினேன். டிக்கெட் பரிசோதகர் ஒருவர், "உங்களுக்குக் குரல் மட்டும்தான்னு நெனச்சேன், கையும் இருக்கே" என்று தோளில் தட்டியிருந்தார்.

இரவில் அவள் அசந்து தூங்கும்போது அவள் விரல்களைப் பார்ப்பான். நுனி கொஞ்சம் தட்டையான, மெழுகு வாசனை போகாத விரல்கள். கண்ணை மூடிக்கொண்டே ஒரு மெழுகுத் துண்டு எவ்வளவு சூடு என்று சொல்லிவிடும் விரல்கள். அவற்றின்மேல் அவனுக்குப் பிரியமும் இருந்தது. அதனால்தான் பொறாமை இன்னும் வலித்தது.

கடைசியில் வேலை கொஞ்சம்தான் பாக்கி இருந்தது. கிராங்க் தண்டின் நுனியில் மேக்னட் சக்கரத்தைப் பொருத்த வேண்டும். பிளக்கில் எந்த நொடியில் தீப்பொறி விழ வேண்டும் என்று தீர்மானிப்பது அந்தச் சக்கரம்தான். அதைப் பூட்டி, பக்கவாட்டு மூடியை மூடினால் என்ஜின் தயார். "ஞாயித்துக்கெழம சேர்ந்து முடிச்சிடலாம்" என்று அவள் சொல்லியிருந்தாள்.

சேர்ந்து என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியும். அவள் முடிப்பாள், அவன் விளக்குப் பிடிப்பான்.

புதன்கிழமை தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லி விடுப்பு எடுத்தான். அறிவிப்பாளனுக்கு அது மறுக்க முடியாத காரணம். அவள் வேலைக்குப் போன கையோடு பின்னறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினான்.

எவ்வளவு நாளாயிற்று, அவனும் என்ஜினும் தனியாக இருந்து! சன்னல் வழியே விழுந்த வெயிலில் அலுமினியம் மீன்வயிறுபோல மின்னியது. அலமாரியில் ரோஸ் டப்பாக்கள் பல்லை இளித்துக்கொண்டு வரிசையாக இருந்தன. அவன் அவற்றைத் தொடவில்லை. அவள் அடுக்கி வைத்ததை எடுத்து, அவள் சொன்ன வரிசையில் போட்டால் அது அவள் வேலையாகிவிடும். பழைய கையேடு ஒன்று இருந்தது. அதன் படத்தைப் பார்த்துச் செய்தாலே போதும் என்று நினைத்தான். மேக்னட் சக்கரத்தை மண்ணெண்ணெயில் துடைத்தான். தண்டின் கூம்பு நுனியில் செருகினான். வார்த்தது போல உட்கார்ந்தது. நட்டை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, கை நடுங்கும்வரை முறுக்கினான். மூடியை மூடினான். எண்ணெய்க் கையோடு நின்று, "எப்படி?" என்றான் அறையிடம். "சூப்பர்" என்று அவனே சொல்லிக்கொண்டான்.

மாலையில் அவள் வந்து பார்த்தாள். வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். முகம் வாடும் என்று அவன் காத்திருந்தான். வாடவில்லை.

"அட! நீங்களே முடிச்சிட்டீங்களா?" என்று ஓடிவந்து என்ஜினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "மேக்னட்டும் போட்டாச்சா? கள்ளன்! தொண்டை கட்டிடுச்சுன்னு எங்கிட்டயும் பொய் சொல்லிட்டீங்க பாத்தீங்களா." அவன் கன்னத்தில் கிள்ளினாள். கிரீஸ் அவள் விரலில் ஒட்டியது. உடனே தம்பிக்கு போன் செய்தாள். லேத்காரருக்கும் செய்தாள். "ஞாயித்துக்கெழம எல்லாரும் வரணும். எங்க வீட்டுக்காரர் தனியாளா மூடிட்டார்" என்று அவள் சொல்வதைக் கேட்டு அவனுக்கு உச்சி குளிர்ந்தது. இவ்வளவு நாள் வீணாகப் பொறாமைப்பட்டோமே என்றுகூட நினைத்தான்.

அவள் சமையலறைக்குப் போனபின், மேசையை ஒழுங்குபடுத்தும் சாக்கில் ஒவ்வொரு ரோஸ் டப்பாவாகத் திறந்து பார்த்தான். காலி. காலி. காலி. கடைசி டப்பாவில், ஒரு துளி எண்ணெயில் குளித்துக்கொண்டு, நகத்தளவு எஃகுத் துண்டு ஒன்று கிடந்தது. அரைநிலா வடிவம்.

பார்த்ததுமே புரிந்துவிட்டது. லேத்காரர் அதை 'கீ' என்பார். தண்டில் ஒரு பள்ளம், சக்கரத்தில் ஒரு பள்ளம். இரண்டுக்கும் நடுவில் இந்த அரைநிலா உட்கார்ந்தால்தான் சக்கரம் தன் இடத்தில் நிற்கும். தீப்பொறி தன் நேரத்தில் விழும். பழைய கீ துருப்பிடித்துப் போனதால், பெரியதாக ஒன்றை வாங்கி, அவளே இரண்டு மாலைப்பொழுது உட்கார்ந்து தேய்த்துச் சரிசெய்தது இது. கையேட்டின் படத்தில் சக்கரம் தெரிந்தது. அதன் வயிற்றுக்குள் இருப்பது தெரியவில்லை.

"டீ ஆறுது!" என்று அவள் குரல் கேட்டது. அவன் அரைநிலாவைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

சொல்லிவிடலாம்தான். சிரிப்பாள். இடுப்பில் கையை வைத்துக்கொள்வாள். லேத்காரருக்கு போன் செய்து, "எங்க வீட்டுக்காரர் பண்ணின காரியத்தக் கேட்டீங்களா?" என்பாள். அதை நினைத்தபோதே காது சூடாகியது. தானே கழற்றி, கீயைப் போட்டு, ஓசைப்படாமல் மூடிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

ஆனால் இறுகிய மேக்னட் சக்கரத்தை வெறும் கையால் கழற்ற முடியாது. அதை இழுத்தெடுக்கும் புல்லர் என்ற கருவி வேண்டும். அது லேத்காரரிடம் இருந்தது.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் பட்டறைக்குப் போனான்.

"வாங்க மைக் சார்! தொண்டை சரியாயிடுச்சா? ஞாயித்துக்கெழமைக்கு நான் இப்பவே ரெடி."

"அந்த மேக்னட் புல்லர் கொஞ்சம் வேணும்."

"புல்லரா? எல்லாம் மூடியாச்சுன்னு அக்கா சொன்னாங்களே. எதுக்கு, அக்கா கேட்டாங்களா?"

"ஆமாம், அக்காதான் கேட்டாள்" என்று சொன்னால் போதும். புல்லர் கைக்கு வந்துவிடும். ஒரு சின்னப் பொய். ஊரில் உள்ள அத்தனை வண்டிகளின் தாமதத்தையும் தடுமாறாமல் சொல்லும் நாக்கு அங்கே மரத்துப்போனது.

"ஏன், நான் கேக்கக் கூடாதா?" என்றான்.

"ஐயோ, அதுக்கில்ல சார். அக்கா பக்கத்துல இருந்தாங்கன்னா கவலையில்ல. தனியா இழுத்தீங்கன்னா மரை போயிடும், அப்புறம் தண்டையே மாத்தணும். எதுக்கு வம்பு? ஞாயித்துக்கெழம நானே பையில போட்டுக் கொண்டாறேன்."

"வேணாம். சும்மாதான் கேட்டேன்."

விறுவிறுவென்று நடந்தான். அன்று முழுவதும் அறிவிப்பு அறையில் அரைநிலா பைக்குள் அவன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டே இருந்தது. வடக்கு வண்டியைத் தெற்கு என்று அவன் அறிவித்ததில், ஒரு கூட்டமே நடைமேடை மாறி ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. என்ஜினை மரச்சட்டத்தில் பூட்டிப் பின்முற்றத்தில் வைத்திருந்தார்கள். பெட்ரோலும் எண்ணெயும் கலந்த பாட்டில் ஒன்றைத் துணிக்கொடிக் கம்பியில் தொங்கவிட்டு, குழாயால் கார்புரேட்டரோடு இணைத்திருந்தாள் மனைவி. ஆஸ்பத்திரியில் மருந்து ஏறுவதுபோல இருந்தது. லேத்காரர் தோள்பையோடு வந்தார். மைத்துனன் எல்லோருக்கும் பின்னால் வந்து சேர்ந்தான். பார்சல் வேன் ஓட்டுகிறவன். எதிலும் நிதானம். அதனால் அவனுக்குப் 'புயல்' என்று பெயர்.

"வா மச்சான். கரையைக் கடந்துட்டியா?" என்று கேட்டான் அறிவிப்பாளன். குரல் சாதாரணமாக வந்தது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"கேலி பண்ணுங்க மாமா. இன்னிக்கு உங்க நாள்."

என்ஜின் கிளம்பவே கூடாது என்று அவன் வேண்டிக்கொண்டான். கிளம்பாவிட்டால் பிளக்கைக் குறை சொல்லலாம், பெட்ரோலைக் குறை சொல்லலாம். கூட்டம் கலைந்ததும் ஏதாவது செய்துகொள்ளலாம். கிக்கர்மேல் காலை வைத்தான். உதைத்தான். கிக்கர் எதிர்த்து எகிறி அவன் பாதத்தைத் தூக்கி அடித்தது.

"பாத்து!" என்றாள் மனைவி. "திமிர் பிடிச்சதா இருக்கே. நான் ஒதைக்கட்டுமா?"

அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. வலியை விழுங்கிக்கொண்டு, முழு எடையையும் போட்டு மறுபடி உதைத்தான்.

என்ஜின் பிடித்துக்கொண்டது.

முற்றம் முழுக்க நீலப் புகை. பாட்டில் நடுங்கியது. பக்கத்து வீட்டு மாடியில் யாரோ சன்னலைத் திறந்தார்கள். கோழிகள் அடைந்துகிடந்த அந்தப் பழைய இரும்பு, அவன் காலடியில் டபடபவென்று உறுமிக்கொண்டிருந்தது. லேத்காரர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சார், சாதிச்சிட்டீங்க!" புயல் விசிலடித்தான். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பைக்குள் இருப்பது மறந்தே போயிற்று. கீ இல்லாமலே ஓடுகிறது! அவள் உட்கார்ந்து தேய்த்த அது இல்லாமலே!

மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள் கைதட்டிக்கொண்டிருந்தாள். உதடு சிரித்தது. கண் சிரிக்கவில்லை. கைதட்டும் விரல்கள் ஒன்றோடொன்று சரியாகப் படாமல் தட்டின. அந்த முகத்தை அவன் எங்கோ பார்த்திருந்தான். யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. பல மாதங்களாகக் காலையில் முகம் மழிக்கும்போது கண்ணாடியில் பார்த்த முகம்தான் அது.

அவன் வாழ்க்கையின் மிக இனிய நிமிடம் அது என்று சொன்னால், வெட்கக்கேடுதான், ஆனால் உண்மை.

"கியரைப் போட்டுப் பாருங்க மாமா" என்று கத்தினான் புயல்.

அவன் கியரைத் தட்டினான். செயின் மாட்டும் பல்சக்கரம் சுழன்றது. மறுபடி கைதட்டல். புயல் மட்டும் தட்டவில்லை. குனிந்து, தனக்கே உரிய நிதானத்தோடு, தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தான். விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டான். எதிர்த்திசையில் இன்னொரு வட்டம் போட்டான்.

"மாமா, எனக்கொரு சந்தேகம். இது இப்படிச் சுத்துச்சுன்னா, வண்டி எந்தப் பக்கம் போகும்?"

எல்லோரும் குனிந்தார்கள்.

"பின்னாடி" என்றார் லேத்காரர். சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "ஐயோ சார், இது பின்னாடியில்ல ஓடுது! ரெண்டு ஸ்ட்ரோக்கு, நேரந்தப்பித் தீ விழுந்தா திரும்பிக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். இன்னிக்குத்தான் கண்ணால பாக்குறேன்!"

"நல்லதா போச்சு" என்றான் புயல். "போன ஊருக்கெல்லாம் திரும்பி வர்ற வேலை மிச்சம்."

அறிவிப்பாளன் பெட்ரோல் குழாயைக் கிள்ளினான். என்ஜின் விக்கி விக்கி நின்றது. மனைவி சிரிக்கவில்லை. விறுவிறுவென்று பின்னறைக்குப் போய்க் கடைசி ரோஸ் டப்பாவைத் திறந்து பார்த்தாள். காலி. திரும்பி வந்தபோது அவள் முகத்தில் ரத்தம் வற்றியிருந்தது.

"கீ போட்டிருக்கார்" என்றாள் தனக்குள் பேசுவதுபோல. பிறகு லேத்காரரிடம் சொன்னாள்: "என் தப்பு. அந்தக் கீயைத் தேய்ச்சது நான். கொஞ்சம் கூடுதலாத் தேய்ச்சிட்டேன் போலருக்கு. உள்ள நழுவியிருக்கும். அவர் சரியாத்தான் பண்ணியிருக்கார்."

லேத்காரரின் சிரிப்பு அடங்கியது. "விடுங்கக்கா" என்றார், பெரிய மனதோடு. "பல்லு வேற, இரும்பு வேற. இந்த அளவுக்கு நீங்க வந்ததே பெருசு."

எத்தனை மாதங்களாக அவன் ஏங்கிக்கொண்டிருந்த பேச்சு அது! யாராவது, ஒரே ஒருவராவது, அவளைப் பார்த்து இப்படிச் சொல்ல மாட்டார்களா என்று. இதோ, சொல்லியாயிற்று. அவள் தன் விரல்நுனிகளை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்துக்கொண்டாள், அவற்றுக்கு என்ன ஆயிற்று என்பதுபோல. பிறகு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

அவனுக்கு இனிக்கவில்லை. கல்லைக் கடித்ததுபோல இருந்தது. லேத்காரர்மேல் கோபம் கோபமாக வந்தது. அவள்மேல் பொறாமைப்பட அவனுக்கு உரிமை உண்டு. அவளைப் பார்த்துப் பரிதாபப்பட இந்த மனுஷன் யார்?

அதற்குள் லேத்காரர் பையிலிருந்து புல்லரை எடுத்து மேக்னட் சக்கரத்தில் மாட்டி முறுக்க ஆரம்பித்திருந்தார். 'டக்' என்று சக்கரம் கையோடு வந்தது. தண்டின் பள்ளத்தை விரலால் தடவினார். சக்கரத்தின் பள்ளத்தைத் தடவினார்.

"கீயே இல்லையே" என்றார்.

"இல்லையா? டப்பாவுல இல்லையேங்க" என்றாள் மனைவி. குரலில் உயிர் வந்தது. "அப்ப பூட்டும்போது கீழ விழுந்திருக்கணும். தேடுங்க! எல்லாரும் தேடுங்க!"

பின்னறையில் நாலு பேரும் மண்டியிட்டார்கள். அவள் தன் குட்டிக் கண்ணாடியைச் சலவை இயந்திரத்துக்கு அடியில் விட்டுப் பார்த்தாள். புயல் துடைப்பத்தைத் தேடப் போனான். லேத்காரர் முட்டியைப் பிடித்துக்கொண்டு மேசைக்கடியில் நுழைந்தார். அவன் சுவரோரமாக முழங்காலில் நின்று, சட்டைப் பையில் இரண்டு விரலை விட்டான்.

"இதோ!" என்றான். பேருந்து நிலையத்துக் குரல் வந்துவிட்டது. "இதோ, இங்க கெடக்கு. நான்தான் போடாம விட்டிருக்கேன். கையேட்டைப் பாத்தேன், கீயைப் பாக்கல. கீயில ஒரு தப்பும் இல்ல. என் வேலைதான் தப்பு."

"அதானே பாத்தேன்!" என்றார் மேசைக்கடியிலிருந்து லேத்காரர். "அக்கா கையாவது தப்பறதாவது."

"இப்பத்தான் பல்லு வேற, இரும்பு வேறன்னீங்க" என்றான் அவன், சூடாக.

மனைவி கையை நீட்டினாள். அவன் அரைநிலாவை அவள் உள்ளங்கையில் வைத்தான். அவள் விரல்கள் அதைச் சுற்றி மூடின. மூடியபடியே நின்றன. பின்னறைத் தரை சிமென்ட். காலையில் கழுவி விட்டது. வெறுங்காலை வைத்தால் சில்லென்று ஏறும்.

"தரையிலயா கெடந்துச்சு?" என்று கேட்டாள், அவனுக்கு மட்டும் கேட்கும் குரலில்.

"ம்."

"சூடா இருக்கே."

அவன் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. சுவரில் ஒரு எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தான்.

"எத்தனை நாளா?" என்றாள்.

"புதன்கிழமை சாயங்காலத்துல இருந்து."

"டீ ஆறுதுன்னு கூப்பிட்டேனே, அப்பவா?"

"அப்பத்தான்."

அவள் மூக்கு நுனி மட்டும் சிவந்தது. அழப்போகிறாளா, அடிக்கப்போகிறாளா, சிரிக்கப்போகிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. புயல் துடைப்பத்தோடு வந்து, "கெடச்சிடுச்சா? நான் வர்றதுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சிடுங்க" என்று குறைப்பட்டான்.

"கெடச்சிடுச்சுடா" என்றாள் அவள். கீயைக் கணவன் கையிலேயே திருப்பி வைத்தாள். "நீங்களே போடுங்க. வேற எங்கயும் போகாம, நேரா அது எடத்துக்கே போகட்டும்."

அவன் போட்டான். லேத்காரர் விளக்குப் பிடித்தார். அரைநிலா பள்ளத்தில் உட்கார்ந்தபோது மயிரிழை இடைவெளிகூட இல்லை. அவள் அவ்வளவு துல்லியமாகத் தேய்த்திருந்தாள். சக்கரத்தைச் செருகி, நட்டை முறுக்கி, மூடியை மூடினான். எழுந்து கிக்கரைப் பார்த்தான். பிறகு ஒதுங்கி நின்றான்.

"நீ ஒதை" என்றான்.

"நெசமாவா?"

"சீக்கிரம் ஒதை. மனசு மாறிடும்."

அவள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். கிக்கர்மேல் ஏறி நின்று ஒரே உதை. ஒன்றே ஒன்று. என்ஜின் எந்த எதிர்ப்பும் இல்லாமல், பேசிவைத்ததுபோலக் கிளம்பியது. இந்தச் சத்தம் வேறு. முன்பு ஓடியபோது மூச்சு வாங்குவதுபோல இருந்தது. இப்போது மூச்சு விடுவதுபோல இருந்தது. அவனுக்கே வித்தியாசம் தெரிந்தது. புயல் குனிந்து, நிதானமாகப் பார்த்து, "முன்னாடி!" என்று அறிவித்தான். லேத்காரர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, எல்லோரையும் விட்டு அவனை மட்டும் பார்த்து, "எப்படி?" என்றாள்.

"சூப்பர்" என்று அவன் கத்தினான். எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினான். ஒரே உதையில்! அவள் கால் பட்டதும்! நெஞ்சுக்குள் பழைய திருகாணி, எங்கும் போகாமல், அதே இடத்தில் ஒரு சுற்று இறுகியது.

அவள் உள்ளே போனாள். ஒரு தம்ளர் குளிர்ந்த தண்ணீரோடு வந்தாள். புகைக்கு நடுவில் அதை அவனிடம் நீட்டினாள்.

"இந்தாங்க. குடிங்க."

"எனக்கு எதுக்கு? தாகமே இல்லையே."

"தாகத்துக்கில்ல. வயித்தெரிச்சலுக்கு."

அவன் தம்ளரை வாங்கினான். பாதி குடித்தான். பிறகு மீதியை அவளிடமே நீட்டினான்.

"நீயும் குடி" என்றான். "முதல் தடவ நான் ஒதைச்சு இது ஓடினப்ப, உன் மொகத்தைப் பாத்தேன்."

அவள் சட்டென்று அவனை நிமிர்ந்து பார்த்தாள். மறுக்க வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். பிறகு தம்ளரை வாங்கி, கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.